கராஜில் உறங்கிய எம்.ஜி.பி.யை எழுப்புவது எப்படி: சாவியைத் தொடுமுன் செய்ய வேண்டியவை

எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்ச் சேர முடிவெடுத்தார். அவருடைய கராஜில் 1996 முதல் அசையாமல் நின்ற 1971ஆம் வருட எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், 2,200 பவுண்டுக்கு என்னிடம் வந்தது. வந்த அன்றைக்கே ஆசை தாங்காமல் வேறொரு பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் அரைச் சுற்று சுற்றியது, உள்ளே ஏதோ மடங்குகிற சத்தம் கேட்டது, நின்றுவிட்டது. இரண்டு எக்சாஸ்ட் வால்வுகள் துருவேறி இறுகியிருந்தன. அவற்றைத் தள்ளப்போன புஷ்ராடுகள் வளைந்துவிட்டன. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொடுத்து வாங்க 620 பவுண்டும் ஆறு வாரமும் ஆயின. மதுரையில் முப்பது வருடம் அம்பாசடர் டாக்சி ஓட்டிய என் சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "கையால சுத்திப் பாத்தியாடா?"

பார்க்கவில்லை. நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பிரிட்டனில் இருக்கிறீர்கள், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, ஸ்பானர் பிடித்துப் பெரிய பழக்கமில்லை என்றால் இந்த வரிசையிலேயே போங்கள். நான் சொல்வது எம்.ஜி.பி.யை வைத்து. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் செய்த கார் இது. புதியவர்களுக்கு இதையே சிபாரிசு செய்வேன். இதன் உதிரிபாகங்களில் அநேகமாக எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. முழு பாடி கூட விட்னியில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இதன் 1798 சிசி எஞ்சினும் நம் அம்பாசடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி எஞ்சினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். ஊரில் பழைய அம்பாசடர் மெக்கானிக் யாராவது உறவில் இருந்தால் அவருடைய எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் காகிதம்

காரைத் தொடுவதற்கு முன்னால் லாக் புக் என்கிற வி5சி எங்கே என்று கேளுங்கள். அது இருந்தால், விற்பவர் உங்கள் பெயரை வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவித்துவிட்டு பச்சைத் துண்டை உங்களிடம் தர வேண்டும். லாக் புக் தொலைந்திருந்தால் வி62 படிவம் நிரப்பி 25 பவுண்டு கட்டித் தபாலில் விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு அது வந்து சேர ஐந்து வாரம் ஆயிற்று. அதனால் இதை முதல் நாளே அனுப்பிவிடுங்கள். நீங்கள் துருவோடு மல்லுக்கட்டும் நேரத்தில் அது தன்பாட்டில் வந்துகொண்டிருக்கும்.

லாக் புக்கில் பெயர் இருப்பதாலேயே கார் உங்களுடையது ஆகிவிடாது. அந்தக் காகிதத்திலேயே அப்படி அச்சடித்திருக்கிறார்கள். ஆகவே விற்றவர் பெயர், முகவரி, தேதி, தொகை, பதிவு எண், சேசிஸ் எண் எல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட ரசீது ஒன்று தனியாக வாங்குங்கள். பானட்டுக்குள் இருக்கும் தகட்டில் சேசிஸ் எண்ணை நீங்களே படித்துப் பார்த்து, காகிதத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பிறகு எண் பொருந்தவில்லை என்று தெரிந்தால் அதைச் சரிசெய்வது எஞ்சின் வேலையைவிடக் கஷ்டம்.

அடுத்தது சோர்ன். கார் ரோட்டில் ஓடவில்லை என்று அறிவிக்கும் பதிவு. இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் பழைய உரிமையாளர் போட்டிருந்த சோர்ன் உங்களுக்கு மாறி வராது. உங்கள் பெயரில் நீங்கள்தான் புதிதாகப் போட வேண்டும். போடாவிட்டால் 80 பவுண்டு அபராதம் வீட்டுக்கு வரும். லாக் புக் கையில் இல்லையென்றால் வி62வோடு வி890 படிவத்தையும் சேர்த்து அனுப்பலாம். சோர்ன் போட்ட கார் பொதுச்சாலையில் நிற்கக்கூட கூடாது. கராஜோ சொந்த டிரைவ்வேயோ இல்லாதவர்கள் வாங்குவதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும்.

எல்லாக் காகிதத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. துருவைப் பார்க்காமல் ஒரு பவுண்டும் செலவழிக்காதீர்கள்

எஞ்சின் ஓடவில்லை என்பது சின்னப் பிரச்சினை. பாடி உளுத்துப்போயிருந்தால் அதுதான் பெரிய பிரச்சினை. எம்.ஜி.பி.க்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். அதிலும் கூரை இல்லாத ரோட்ஸ்டரில் காரின் பலமெல்லாம் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டியில் இருக்கிறது. அதை சில் என்பார்கள். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருந்தும் உள்ளே அப்பளமாக நொறுங்குகிற சில்லுகள் நிறைய உண்டு.

நான் கற்றுக்கொண்ட சோதனை இது. கதவை மூடி, கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பின்பக்கத்தில் ஜாக்கி கொடுத்து மெல்லத் தூக்குங்கள். இடைவெளி குறைந்தாலோ கதவு திறக்க மறுத்தாலோ கார் நடுவில் மடங்குகிறது என்று அர்த்தம். கூடவே ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி சில் நெடுகிலும் ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, அடைத்துப் பூசிய ஃபில்லர்தான் இருக்கிறது.

சில் போயிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் ஒழுங்காக வெட்டியெடுத்து வெல்டிங் செய்ய ஆயிரக்கணக்கில் ஆகும். எஞ்சின் வேலை முழுவதையும் சேர்த்தாலும் அந்தத் தொகை வராது.

ஒரு எச்சரிக்கை: காரோடு வந்த பழைய ஜாக்கியைச் சில்லில் உள்ள துளையில் மாட்டித் தூக்காதீர்கள். துரு பிடித்த இடம் கிழிந்து கார் உங்கள்மேல் இறங்கும். தரையில் உருளும் ஜாக்கியால் தூக்கி, இரண்டு ஆக்சில் ஸ்டாண்டுகளில் உட்காரவைத்து, கையால் ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

3. கருவிகள்

வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பானர் செட் இதற்கு உதவாது. கிட்டத்தட்டப் பொருந்துகிற மாதிரி இருக்கும், இறுகிய நட்டின் முனையை மழுக்கிவிடும். அங்குல அளவில், ஏ.எஃப். என்று போட்ட செட் வாங்குங்கள். இதோடு சிறு இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ், மின்சாரத்தைச் சோதிக்கும் மல்டிமீட்டர், தீயணைப்பான். பெட்ரோலுக்கான தீயணைப்பான் என்று பார்த்து வாங்குங்கள். தண்ணீர் வகை ஆகாது. பட்டறைக் கையேட்டின் பழைய பிரதி ஒன்றும் வேண்டும்.

4. மின்சாரம்

1974 வரையிலான கார்களில் இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். அவை செத்திருக்கும். எடுத்துவிட்டு, அவை உட்கார்ந்திருந்த பெட்டியின் அடித்தட்டைப் பாருங்கள், அமிலம் தின்றிருக்கும். நான் ஒரே ஒரு 12 வோல்ட் பேட்டரிக்கு மாற்றிக்கொண்டேன், 80 பவுண்டு.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. 1967 வரை வந்த எம்.ஜி.பி.க்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். பின்னால் வந்தவற்றில் நெகட்டிவ். நடுவில் யாராவது மாற்றியும் இருக்கலாம். வருடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேட்டரிக் கம்பிகளில் எது பாடியில் திருகப்பட்டிருக்கிறது, டைனமோவா ஆல்டர்னேட்டரா என்று கண்ணால் பார்த்து முடிவெடுங்கள். ஆல்டர்னேட்டர் உள்ள காரில் முனையை மாற்றிக் கொடுத்தால் அது அந்த நொடியே போய்விடும்.

எலி கடித்த ஒயர்களைத் தேடுங்கள். என் காரில் ஹீட்டர் பெட்டிக்குள் ஒரு முழுக் கூடு இருந்தது. கெட்டியான பழுப்பு நிற ஒயரை மட்டும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். அதில் ஃபியூஸ் கிடையாது, சாவி இல்லாமலேயே எப்போதும் மின்சாரம் இருக்கும். அது உரசித் தேய்ந்திருந்தால் கார் எரியும். வேலை முடிந்து போகும்போதெல்லாம் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் போவது என் வழக்கமாகிவிட்டது.

5. எஞ்சினைக் கையால் சுற்றுங்கள்

இதில்தான் நான் 620 பவுண்டு கொடுத்தேன், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஊடுருவும் எண்ணெய் இரண்டு ஸ்பூன் அளவு விட்டு, துணியால் மூடி நான்கு நாள் விட்டுவிடுங்கள். தினமும் கொஞ்சம் சேருங்கள். அவசரம் வேண்டாம். இருபது வருடம் ஒட்டியிருந்த பிஸ்டன் ரிங்குக்கு நான்கு நாள் அதிகமில்லை.

ஐந்தாம் நாள், கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினின் முன்பக்கம் கிராங்க் புல்லியின் நடுவில் உள்ள பெரிய நட்டில் நீளமான ஸ்பானரைப் போட்டு, முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் மெல்ல அழுத்துங்கள். அசைந்தால் சந்தோஷம். அசையாவிட்டால் குழாய் மாட்டி நீளமாக்கி உடம்பு பலத்தைக் காட்ட வேண்டாம். மறுபடி எண்ணெய், மறுபடி நாட்கள். ஒரு மாதம் கழித்து விட்டுக்கொடுத்த எஞ்சின்கள் உண்டு.

அசைந்ததும் நிறுத்திவிட்டு மேலே உள்ள ராக்கர் மூடியைக் கழற்றுங்கள். எட்டு வால்வுகளும் கண்ணுக்குத் தெரியும். இப்போது ஒருவர் ஸ்பானரால் சுற்ற, இன்னொருவர் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வால்வும் கீழே போய்த் தானாக மேலே வருகிறதா? ஏதாவது ஒன்று கீழேயே நின்றுவிட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அதன் தண்டில் எண்ணெய் விட்டு, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி, மேலே வரும்வரை பொறுங்கள். நான் இதைச் செய்திருந்தால் ஹெட்டைக் கழற்றியிருக்கவே வேண்டாம். என் மனைவிதான் இரண்டாம் முறை டார்ச் பிடித்து எண்ணினாள். எட்டாவது வால்வும் எழுந்து வந்ததும் அவள் போட்ட சத்தத்தில் குழந்தைகள் ஓடிவந்துவிட்டார்கள்.

இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுங்கள். புதுக் கார்களுக்கான மெல்லிய சிந்தெடிக் ஆயில் விலை அதிகம் என்பதால் நல்லது என்று நினைக்காதீர்கள். இந்த எஞ்சினின் கேம்ஷாஃப்டுக்கு துத்தநாகச் சேர்மம் கலந்த பழைய வகை ஆயில்தான் வேண்டும். கிளாசிக் கார்களுக்கென்றே விற்கிறார்கள்.

6. பெட்ரோல்

பழைய பெட்ரோலை ஒரு துளிகூட விடாதீர்கள். வாசலில், திறந்த வெளியில், பேட்டரி கழற்றிய நிலையில் வடியுங்கள். அது வார்னிஷ் போல நாறும். அதை எங்கே கொடுப்பது என்று உங்கள் கவுன்சிலிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எல்லா மறுசுழற்சி மையங்களும் வாங்குவதில்லை. என்னிடம் அது மூன்று வாரம் கராஜ் மூலையில் கேனில் இருந்தது. வீட்டில் வைக்கும் கேன் பிளாஸ்டிக் என்றால் 10 லிட்டர், உலோகம் என்றால் 20 லிட்டர்தான் அனுமதி.

டேங்கின் துரு கீழே இருந்து வரும் என்று எல்லோரும் நினைக்கிறோம். இந்தக் காரில் அது மேலிருந்து வரும். டேங்கின் மேல்தட்டுக்கும் டிக்கித் தரைக்கும் நடுவில் சேறு தங்கி, ஈரத்தோடு உட்கார்ந்து ஓட்டை போடும். கீழிருந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று நானும் ஏமாந்தேன். கழற்றி இறக்கிப் பாருங்கள். புது டேங்க் 190 பவுண்டு கொடுத்தேன்.

எஸ்.யு. எலக்ட்ரிக் பம்ப் பின்பக்கம் வலது சக்கரத்துக்கு அருகில் இருக்கும். சாவியைப் பாதி திருப்பினால் டக் டக் என்று அடித்து, பெட்ரோல் நிரம்பியதும் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது டேங்க் காலி. சத்தமே இல்லையென்றால் அதன் உள் காண்டாக்டுகள் ஒட்டியிருக்கும்.

ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். 2021 செப்டம்பர் முதல் இங்கே சாதாரண பெட்ரோல் எத்தனால் கூடுதலாகக் கலந்த இ10 ஆகிவிட்டது. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பரைக் கரைக்கும். ஆர்9 என்று அச்சடித்த குழாய் வாங்குங்கள், பெட்ரோல் பங்கில் எத்தனால் குறைந்த இ5 சூப்பர் ஊற்றுங்கள். குழாய்க்கு எனக்கான செலவு 20 பவுண்டு. சூடான எக்சாஸ்டுக்கு மேலே பெட்ரோல் சொட்டுவதைத் தடுக்க அது மிகக் குறைந்த விலை.

இரட்டை கார்ப்பரேட்டர்களைப் பிரிக்கும்போது ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றின் மூடியோடு கலந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் தன் மூடிக்கு மட்டும் பொருந்துமாறு செய்தவை. ஒன்றைப் பிரித்து, சுத்தம் செய்து, பூட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பூட்டியபின் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் டக்கென்று விழ வேண்டும்.

7. தீப்பொறி

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுவது மேலிருந்து பார்க்கக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். ஒயர்களைக் கழற்றுமுன் படமெடுங்கள்.

புதுப் பாகமெல்லாம் நல்ல பாகம் என்று நினைக்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டார் ஆர்ம் ஒன்றை மலிவாக வாங்கினேன். அது இருபது நிமிடத்தில் உள்ளுக்குள் கசிந்து எஞ்சினை நிறுத்தியது. இரண்டு நாள் கார்ப்பரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். காரிலிருந்து கழற்றிய பழைய கண்டன்சரையும் ரோட்டார் ஆர்மையும் தூக்கி எறியாமல், மாற்றிப் போட்டுப் பார்க்க வைத்திருங்கள்.

8. ஓடவைப்பதற்கு முன்னால் நிறுத்தப் பழக்குங்கள்

எஞ்சின் உறுமியதும் யாருக்கும் கை சும்மா இருக்காது, தெருமுனை வரை ஒரு சுற்றுப் போகத் தோன்றும். அதனால் பிரேக் வேலையை முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடச் சொல்கிறேன்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இருபது வருட ஈரம் உள்ளே எல்லாவற்றையும் துருவாக்கியிருக்கும். மாஸ்டர் சிலிண்டர், முன் கேலிப்பர்கள், பின் வீல் சிலிண்டர்கள், மூன்று ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் புதிதாகப் போட்டேன். இரும்புக் குழாய்களுக்குப் பதில் செம்புக் கலவைக் குழாய். மொத்தம் 310 பவுண்டு. இதில் எதையும் மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்திருந்தால் மிதித்த பிரேக் விடுபடாது. வெளியிலிருந்து அது தெரியாது.

பழைய பிரேக் ஷூவின் தூசியை ஊதாதீர்கள். 1999இல் இங்கே தடை செய்யும் வரை அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. முகக்கவசம் போட்டு, நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டுங்கள். குழந்தைகளை அந்த நேரத்தில் கராஜுக்குள் விடாதீர்கள்.

கிளட்ச் தட்டு ஃப்ளைவீலில் ஒட்டியிருக்கும். எனக்கு பெடலைக் கட்டையால் முட்டுக்கொடுத்து இரண்டு இரவு வைத்ததும் விட்டுவிட்டது. அதன் ஹைட்ராலிக் பாகங்களுக்கு 75 பவுண்டு.

டயரில் ஆழம் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், நேரே குப்பைக்கு. நான்கு டயர் 300 பவுண்டு.

9. இப்போது சாவி

கராஜ் கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. ரேடியேட்டரில் கூலன்ட் நிரப்பி ஒழுகல் இல்லை என்று பாருங்கள். தீயணைப்பானோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

பிளக்குகள் இல்லாமல், காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றுங்கள். ஆயில் பிரஷர் முள் எழும்வரை இதை மட்டும் செய்யுங்கள். முள் எழாவிட்டால் பிளக் போடாதீர்கள். எழுந்த பிறகு பிளக், ஒயர், சோக் முழுக்க இழுத்து, சாவி. எனக்கு மூன்றாவது முயற்சியில் பிடித்தது. முதலில் உள்ளே விட்ட எண்ணெய் எரிந்து வெள்ளைப் புகை தெருவையே மூடும், பயப்படாதீர்கள். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. ஓடும்போது ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்க வேண்டும், சூடேறி மெதுவாக ஓடும்போது 15க்குக் கீழே போனால் நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

அன்று இரவு சித்தப்பாவுக்கு எஞ்சின் சத்தத்தைத் தொலைபேசியில் கேட்க வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "டாப்பட் லூசா இருக்கு, மறுபடி அட்ஜஸ்ட் பண்ணு" என்றார். ஃபீலர் கேஜ் வைத்து வால்வு இடைவெளியைப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

10. ரோட்டுக்கு

தயாரிப்பு தேதியிலிருந்து 40 வருடம் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு எம்.ஓ.டி. என்கிற வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமில்லை, எம்.ஜி.பி.க்கள் எல்லாமே இன்று அந்த வயதைத் தாண்டியவை. ஆனாலும் ஒருமுறை போய்வாருங்கள். உச்சக் கட்டணம் 54.85 பவுண்டு. நீங்கள் தவறவிட்டதை இன்னொரு ஜோடிக் கண்கள் பார்க்கும். முன்பதிவு செய்த சோதனைக்குச் சாலை வரி இல்லாமலே ஓட்டிப் போகலாம், காப்பீடு மட்டும் இருக்க வேண்டும். சோதனையிலிருந்து விலக்கு என்பது ஆபத்தான காரை ஓட்ட உரிமம் அல்ல. அதற்கு 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு.

பிறகு லாக் புக்கையும், எம்.ஓ.டி. விலக்கை அறிவிக்கும் வி112 படிவத்தையும் எடுத்துக்கொண்டு வாகன வரி வாங்கும் தபால் அலுவலகத்துக்குப் போய், வரி வகையை ஹிஸ்டாரிக், அதாவது பழங்கால வாகனம், என்று மாற்றச் சொல்லுங்கள். இது தானாக மாறாது. மாறிய பிறகு வரி பூஜ்யம். ஆனால் பூஜ்யம் என்பதற்காக விட்டுவிடாமல் வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். லண்டனுக்குள் போகிறவர்களுக்கு இந்த வகை மாற்றம் இன்னும் முக்கியம், புகை மாசுக்காக வாங்கும் யூலெஸ் கட்டணமான நாளொன்றுக்கு 12.50 பவுண்டு இதனால் விழாது.

காப்பீடு வாங்கும்போது, கார் போனால் எவ்வளவு தருவார்கள் என்பதை முன்பே பேசி எழுதிக்கொள்ளும் வகையைக் கேளுங்கள். சாதாரண பாலிசியில் பழைய காருக்குச் சொற்பம்தான் போடுவார்கள். வருடத்துக்கு 3,000 மைல் வரம்போடு எனக்கு 118 பவுண்டு.

உதிரிபாகங்கள், டயர், ஆயில் எல்லாம் சேர்த்து எனக்கு 1,340 பவுண்டு ஆயிற்று, ஹெட் வேலைக்குக் கொடுத்த 620 தனி. நான்கு வார இறுதி என்று நினைத்துத் தொடங்கியது ஏழு மாதம் எடுத்தது. அதில் பாதி பார்சலுக்கும் காகிதத்துக்கும் காத்திருந்த நாட்கள். வசந்தத்தில் ஓட்ட ஆசையென்றால் செப்டம்பரில் தொடங்குங்கள்.

முதல் நாள் ஐந்து மைலுக்கு மேல் போகாதீர்கள். திரும்பி வந்து நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அந்த பிரேக் விடவில்லை. கார் நின்ற இடத்தில் இரவு ஒரு அட்டையை விரித்து வைத்து, காலையில் எந்த இடத்தில் எந்த நிறத்தில் சொட்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 200 மைல் ஓடியதும் ஆயிலை மறுபடி முழுக்க மாற்றுங்கள். இருபது வருடக் கசடு அப்போதுதான் கரைந்து வெளியே வரும்.